கை எங்க இருந்துச்சு?

அவர் யாரையும் தொடமாட்டார். சாதி பார்த்து அல்ல. அப்படி இருந்திருந்தால் எனக்கு உடனே புரிந்திருக்கும். அந்த மாதிரி ஆட்களை நான் போன ஊரெல்லாம் பார்த்திருக்கிறேன். இவர் எல்லோரையும் சமமாகத் தொடமாட்டார். துறைத் தலைவர் கை நீட்டினாலும் கும்பிடுதான், குப்பை அள்ள வருகிறவர் கை நீட்டினாலும் கும்பிடுதான். பெங்களூருவில் நான் பார்த்த ஒரே முழுமையான சமத்துவம் அது.

பூமியில் முதல் உயிர் எப்படித் தோன்றியது என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை. உயிருள்ள எதுவும் தன் பக்கத்தில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை. முதல் வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு பெரும்பாலும் இரண்டாவது வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை பெரிதில்லை. பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு நின்றது. பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, மங்களூருவில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற வேலை, ஓசூரில் கோழிப்பண்ணை, நடுநடுவே ஓட்டல்கள். ஒரே இடத்தில் ஒரு வருடம் தங்கினால் எனக்கு உடம்பு அரிக்க ஆரம்பித்துவிடும். பெங்களூரு ஜீவனஹள்ளியில் ஒரு அறையில் முறை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் வேண்டும் என்று ஒரு காண்டிராக்டர் கூட்டிப்போனார். பாத்திரம் கழுவிய அனுபவம் உண்டா என்று மட்டும் கேட்டார்கள். இருந்தது. அறிவியலுக்குள் நான் அப்படித்தான் நுழைந்தேன்.

முதல் நாள், கழுவிய குடுவைகளைத் தட்டில் அடுக்கி அவருடைய அறை வாசலுக்குக் கொண்டுபோனேன். பருத்திப் புடவை, ஆண்கள் போடுகிற கேன்வாஸ் ஷூ, தலையில் பிளாஸ்டிக் தொப்பி. கதவை முழங்கையால் திறந்தார்.

"மிஸ்டர், கை எங்க இருந்துச்சு?"

"எங்கிட்டதான் மேடம் இருந்துச்சு."

"அது தெரியுது. கடைசியா எதத் தொட்டுச்சு?"

யோசித்தேன். கதவுப்பிடி, போன், கழுத்து, பஸ் கம்பி. சொன்னேன்.

"அம்புட்டுப் பேரையும் கூட்டிக்கினு என் ரூமுக்குள்ள வர்றீங்க," என்றார். "தட்டக் கீழ வைங்க. மறுபடி கழுவுங்க. முதல்ல கைய."

அந்த அறையின் நடுவே தரையில் மஞ்சள் டேப்பில் ஒரு கோடு ஒட்டியிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போவதற்குக் கையுறை, முகமூடி, ஷூவுக்கு உறை. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதற்குக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வரவேண்டும். திரும்பப் போகும்போது கை கழுவி, புதுக் கையுறை. இந்தச் சட்டத்தை அவரே எழுதி, அவரே சுவரில் ஒட்டி, அவரே எல்லோருக்கும் படித்துக் காட்டுவார்.

காரணம் கேட்டபோது சொன்னார். ஆர்.என்.ஏ. என்று ஒரு நூல் இருக்கிறதாம். இன்றைக்கும் எல்லா உயிரின் செல்லுக்குள்ளும் இருக்கிறது. முதல் உயிருக்குள்ளும் அதுதான் இருந்திருக்கும் என்பது அவர் கட்சி. அந்த நூலை வெட்டுவதற்கென்றே ஒரு பொருள் மனிதத் தோலில் ஊறிக்கொண்டிருக்கிறது. "உங்க விரல் நுனில கத்தரிக்கோல் இருக்கு மிஸ்டர். நீங்க சும்மா தொட்டாப் போதும், நான் ஆறு மாசம் கோத்தது பொடிப்பொடியாப் போயிரும்."

எனக்கு அதுவரை என் விரல்களைப் பற்றி அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததில்லை.

அவர் செய்துகொண்டிருந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், ரொம்ப சுலபமானது. கொழுப்பைத் தண்ணீரில் விட்டால் தானாகவே குட்டிக் குட்டிக் குமிழாகும். அந்தக் குமிழுக்குள் இந்த நூல் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். நூல் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொள்ள வேண்டும். குமிழ் பெருத்து இரண்டாகப் பிரிய வேண்டும். நகல் எடுப்பதில் தப்பு வர வேண்டும். சில தப்புகள் ஒரிஜினலைவிட நன்றாக வாழ வேண்டும். அவ்வளவுதான். இது நடந்துவிட்டால் மிச்சமெல்லாம், மீன், தவளை, குரங்கு, துறைத் தலைவர், போதுமான காலம் கொடுத்தால் தானாக வந்துவிடும்.

இதற்காக ஒரு மெஷின் சின்னச் சின்னக் குழாய்களைச் சூடாக்கிக் காயவைக்கும், நீர் விடும், மறுபடி காயவைக்கும். எரிமலைப் பக்கத்தில் ஒரு குட்டை வற்றுவதும் நிரம்புவதும் போலவாம். எனக்கு வடாம் காயவைக்கிற மாதிரி இருந்தது. சொன்னேன்.

"வடாமுக்குக் காக்கா வரும்," என்றார். "எனக்கு அதவிடச் சின்னது வரும். காக்காவ ஓட்டலாம்."

எங்கள் ஜீவனஹள்ளி அறைக்குப் பின்னால் ராஜகால்வாய் என்ற பெயரில் ஓடுகிற பெரிய சாக்கடையைப் பற்றியும் ஒருமுறை சொன்னேன். மழை பெய்தால் அதில் என்னென்னவோ நெளிகிறது, பொங்குகிறது, நுரைக்கிறது; அதற்கெல்லாம் யாரும் மெஷின் வைக்கவில்லையே என்று.

"அது தோன்றல மிஸ்டர், பெருகுது. ஏற்கனவே இருக்கறவன் இடத்தப் புடிக்கறான். புதுசா ஒருத்தன் வரணும்னா காலி இடம் வேணும். இந்தப் பூமில எனக்குக் காலி இடமே கிடைக்க மாட்டேங்குது." வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர் போலச் சொன்னார்.

வெளியுலகில் அவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒன்று, மெட்ரோவில். கூட்டத்துக்கு நடுவே எந்தக் கம்பியையும் பிடிக்காமல், கால்களை அகட்டி, படகில் நிற்கிறவர் போல நின்றுகொண்டிருந்தார். ரயில் நின்றபோது கம்பி பிடித்திருந்தவர்களெல்லாம் சாய்ந்தார்கள், அவர் சாயவில்லை. பல வருடப் பயிற்சி.

இன்னொன்று, பிரேசர் டவுனில் ஒரு சர்ச்சில். கிறிஸ்துமஸுக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்று அறைக்காரர்களோடு போயிருந்தேன். சீக்கிரம் போய்விட்டதால் ஆராதனையையும் பார்க்க வேண்டியதாயிற்று. ஒரு கட்டத்தில் எல்லோரும் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கை கொடுத்துச் சமாதானம் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் நாலாபக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தவர்கள் பழகியவர்கள்போல அவருக்கு மட்டும் கும்பிடு போட்டார்கள்.

அடுத்த வாரம் கேட்டேன். "மேடம், உங்க வேதத்துல கடவுள் ஆறே நாள்ல எல்லா உயிரையும் பண்ணிட்டாருன்னு இருக்காமே. உங்களுக்கு மட்டும் ஏன் இவ்ளோ லேட்டாகுது?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். "அவருக்கு என்ன மிஸ்டர், காலி இடத்துல வேல பாத்தவரு," என்றார். "கிருமி கிடையாது, கமிட்டி கிடையாது. கை எங்க இருந்துச்சுன்னு கேக்க ஒரு ஆளும் கிடையாது."

முனியம்மாக்கா, ஒக்கலிபுரத்திலிருந்து வருகிறவர், எனக்கு முன்பிருந்தே அங்கே தரை துடைக்கிறவர், இதற்கெல்லாம் வேறு விளக்கம் வைத்திருந்தார். "அதாங் கண்ணு கல்யாணம் ஆவல. மோதரம் போட வந்தவன்கிட்ட கை எங்க இருந்துச்சுன்னு கேட்டிருப்பாங்க. அவன் அப்டியே எய்ந்து போய்ட்டிருப்பான்."

அக்காவுக்கும் மேடத்துக்கும் வருடத்துக்கு ஒருமுறை சண்டை வரும். ஆயுத பூஜை. அந்த நிலையத்தில் ஆயுத பூஜை அன்று பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த மைக்ரோஸ்கோப்புக்குச் சந்தனப் பொட்டு. சென்ட்ரிஃப்யூஜுக்கு விபூதிப் பட்டை. ஆட்டோகிளேவ் என்பது ஆள் உயரப் பிரஷர் குக்கர். குடுவைகளை அதற்குள் வைத்து நீராவியில் கிருமியைக் கொல்வது என் வேலை. அதற்கு மாலையே போடுவார்கள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று கற்பூரம் ஒற்றிக்கொள்வார்கள். பிறகு வாசலில் பூசணிக்காய் உடையும். மறுநாள் அதே ஆட்கள் அதே மெஷின் ஓடவில்லை என்று அமெரிக்காவுக்குப் போன் போடுவார்கள்.

மேடத்தின் அறை மட்டும் பொட்டில்லாமல் இருக்கும். நான் இருந்த வருடம் அக்கா குங்குமச் சிமிழோடு கோடு வரை போய்விட்டார்.

"அங்கயே நில்லுங்கக்கா. கோட்டுக்கு வெளிய என்ன வேணா பண்ணுங்க."

"சாமிக்கே கோடு போட்டுட்டீங்களா மேடம்?"

"சாமிக்கு இல்ல. உங்க குங்குமத்துக்கு. அதுல எத்தன குடும்பம் குடியிருக்குன்னு உங்களுக்குக் கொத்தா?" அந்த ஊர்த் தமிழில் கன்னடம் புகுந்து, தெரியுமா என்பது கொத்தா ஆகிவிடும்.

"எனுக்கு ஒண்ணும் கொத்தில்ல. மிஷினு முண்டமா நிக்குது, அதான் கொத்து." அக்கா குனிந்து, மஞ்சள் கோட்டின் மேலேயே, சரியாக நடுவில், ஒரு பொட்டு வைத்தார். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மேடம் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "பரவால்ல, எல்லைச்சாமி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குச் சில நாள் கழித்து எனக்குச் சுட்டது. ஆட்டோகிளேவ் கதவின் ரப்பர் வாஷர் கிழிந்திருந்தது. மேலே எழுதிக்கொடுத்திருந்தோம், அந்தக் காகிதம் மேலே போய்க்கொண்டே இருந்தது. கதவுப் பக்கத்தில் நின்றிருந்தபோது ஆவி பீய்ச்சி, வலது மணிக்கட்டில் அடித்தது. சூடு எனக்குப் புதிதில்லை, சாயப்பட்டறை முதுகில் விட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. ஆனால் அக்கா கத்திய கத்தலில் கட்டிடமே திரும்பிப் பார்த்தது.

மேடம் ஓடிவந்தார். என் கையைப் பிடித்தார். வெறுங்கையால் பிடித்தார். இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து, தண்ணீருக்கு அடியில் என் மணிக்கட்டை வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஆல்கஹாலில் கழுவிக் கழுவி அவர் விரல்கள் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தன.

"போதும் மேடம், விடுங்க. எரிச்சல் அடங்கிடுச்சு."

"சும்மா நில்லுங்க மிஸ்டர். அடங்கிடுச்சான்னு தோல்தான் சொல்லணும், நீங்க சொல்லக்கூடாது."

அக்கா பேஸ்ட் தடவலாம் என்றார். ஒரு பார்வையில் அடக்கப்பட்டார். ஆனால் அக்கா என் புண்ணைப் பார்க்கவில்லை. குழாயடியில் என் கையைச் சுற்றியிருந்த மேடத்தின் கையைத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வாரம் உயிர் தோன்றியது.

மேடத்திடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கார்த்திகா, கோயம்புத்தூர்ப் பெண், காலையில் குழாய்களைப் பார்த்தாள். காயவைத்து முடித்து, ஆறவைத்து, ஆதிகாலக் கடலில் இருந்திருக்கும் என்று மேடம் நினைத்த சர்க்கரையும் மற்றதும் சேர்த்து வைத்திருந்த குழாய்கள். ஒன்று கலங்கியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் உருண்டை உருண்டையாக, ஜோடி ஜோடியாக, திராட்சைக் கொத்து போல. ஒன்று இரண்டாகப் பிரிவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். தாழ்வாரத்தில் கத்திக்கொண்டே ஓடினாள்.

மத்தியானத்துக்குள் துறைத் தலைவர் மைசூர்பாக்கு வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அடுத்த வாரம் கமிட்டி வருகிறது. மேடத்தின் வேலையைத் தொடரலாமா, அறையை வேறு ஆளுக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். பல வருடமாகக் காயவைத்ததில் ஒரு வடாமும் பொரியவில்லை என்பது அவர்களுடைய குறை. இப்போது திராட்சைக் கொத்தே காய்த்திருக்கிறது.

மேடம் மைசூர்பாக்கு எடுக்கவில்லை. படத்தைப் பார்த்தார். கார்த்திகாவைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மேடம், சத்தியமா நான் க்ளவ்ஸ் போட்டுத்தான் இருந்தேனுங்க."

"சரி. ஒரு சொட்டு எடுத்து பிளேட்ல போடு." பிளேட் என்பது இன்றைய கிருமிகளுக்கு விருந்துச் சோறு பரிமாறிய தட்டு. வெறும் கொழுப்புக் குமிழ் அதில் வளராது. ஏற்கனவே பூமியில் இருக்கிற ஆசாமி என்றால் சாப்பிட்டுப் பெருகிவிடுவான்.

"கமிட்டி போனப்புறம் போடலாமுங்களே மேடம்." கார்த்திகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானூறு கோடி வருஷம் முன்ன வந்த மாதிரி ஒருத்தனா, போன வாரம் வந்தவனான்னு தெரியாம பேர் வைக்கச் சொல்றியா?"

பிளேட்டில் போட்டார்கள். மறுநாள் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்ததுபோல வளர்ந்து நின்றான். விருந்து பிடித்திருந்தது.

துறைத் தலைவர் தளரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்களிடம் பேசும்போது தமிழ், எங்களைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம். அறை வாசலில் நின்று மேடத்திடம் நெடுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். ஹவுஸ்கீப்பிங், பூஜா, ரிமூவ் என்ற சொற்கள் எனக்குப் போதுமானவையாக இருந்தன. கமிட்டியிடம் சொல்ல வேண்டியது இது: பூஜை செய்த வேலைக்காரர்களால் வந்த அசுத்தம், ஆட்களை அனுப்பிவிட்டோம், மேடம் மேல் தப்பில்லை, எனவே இன்னும் ஒரு வருடம் கொடுங்கள். கமிட்டியும் இதை ஏற்கும். நல்ல கணக்கு. இரண்டு பேர் போனால் ஒரு அறை மிஞ்சும்.

நான் எப்படியும் கிளம்புகிற ஆள். அக்கா அப்படியில்லை, மகளும் பேரனும் அவர் சம்பளத்தில்தான் இருந்தார்கள். அன்று துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "எங் குங்குமத்துல உசுரு வந்துச்சுன்னா எனுக்குக் கோயிலு கட்டணும்டா. வேலைய வுட்டு தூக்குறானுங்க."

மேடம் பஞ்சு சுற்றிய குச்சிகளை எடுத்துக்கொண்டு வந்து எல்லோரையும் கை நீட்டச் சொன்னார். அக்கா, நான், கார்த்திகா. குங்குமச் சிமிழ். பிறகு தலைவர்.

"என் கையும் எதுக்கு மேடம்?"

"எல்லார் கையும் சார். குலுக்கற கை உங்களுதுதான் ஜாஸ்தி."

கடைசியாகத் தன் உள்ளங்கையைத் தானே துடைத்து, அந்தக் குச்சியையும் மற்றதோடு சேர்த்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு கமிட்டி வருகிற காலையில்தான் வந்தது. நான் காபித் தட்டோடு அந்தக் கூட்டத்துக்குள் இருந்தேன். தலைவர் எழுந்து துரதிர்ஷ்டம் என்று ஆரம்பித்து, ஹவுஸ்கீப்பிங் வரை வந்துவிட்டார். அக்கா கதவுக்கு வெளியே துடைத்த தரையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடம் எழுந்தார். குங்குமத்தில் பலபேர் இருந்தார்கள், இவன் இல்லை என்றார். மற்றவர்கள் தோலில் இவனுடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இவன் இல்லை. இவன் இருந்தது ஒரே ஒரு கையில். ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் அந்த வாக்கியம் சின்னது, எனக்கே புரிந்தது. "என் கை," என்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"குழாய்களைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது வெளியே சத்தம் கேட்டது. சட்டப்படி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து, சட்டத்தின் பாக்கிப் பாதியை மறந்து, வெறும் விரலால் மூடிகளை அழுத்தி மூடினேன். மறந்தேன் என்பது இந்த முடிவைப் படித்தபிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது." மேடம்தான் இப்படிச் சொன்னார்.

கமிட்டியில் ஒருவர் என்ன சத்தம் என்று கேட்டார். மேடம் மோவாயால் என்னைக் காட்டினார். காபி கொண்டுவந்தவனுக்கு ஒரு முகமும், மணிக்கட்டில் ஒரு கட்டும் இருப்பதை அப்போதுதான் அவர்கள் கவனித்தார்கள். ஒருவர் எனக்கு நன்றிகூடச் சொன்னார். எதற்கென்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

கமிட்டி இரண்டு பரிந்துரைகள் செய்தது. அறையை மூடலாம். ஆட்டோகிளேவுக்கு வாஷர் மாற்றலாம். முதலாவது உடனே நடந்தது.

அக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்த்திகா வேறு ஆய்வகத்துக்குப் போய், வளர்வதற்கென்றே இருக்கிற ஏதோ ஒன்றை வளர்க்க ஆரம்பித்தாள். மெஷினை வண்டியில் ஏற்றுகிற அன்று, அக்கா அதற்கு ஆற அமர ஒரு பொட்டு வைத்தார். மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கும் அரிப்பு வந்துவிட்டது. ஹூப்ளிப் பக்கம் ஒரு வேலை சொல்லியிருந்தார்கள். சொல்லிக்கொண்டு போக வந்தேன். அவர் அந்தக் குழாய்களை ஒரு கூடையில் போட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளினார்.

"போறதுக்கு முன்ன இதக் கொன்னுட்டுப் போங்க மிஸ்டர். வாஷர் பாத்து."

ஆட்டோகிளேவில் வைத்து, கொன்றேன். நானூறு கோடி ஆண்டுக்குப் பிறகு இரண்டாவது முறையாகத் தோன்றிய உயிர், ஒரு மைசூர்பாக்குப் பெட்டிக்காவது காரணமாக இருந்தது. எல்லா உயிரையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

திரும்பி வந்தபோது அவர் தரையிலிருந்து மஞ்சள் டேப்பை உரித்துக்கொண்டிருந்தார். பொட்டு இருந்த துண்டை மட்டும் உரிக்காமல் விட்டிருந்தார். கோடு இல்லாத அந்த அறை எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வருகிறேன் மேடம் என்று சொல்லி, என்ன ஞாபகத்திலோ கையை நீட்டிவிட்டேன். மணிக்கட்டில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல் வந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க இருந்துச்சு?"

"மூக்கச் சொறிஞ்சேன் மேடம்."

தலையை ஆட்டிக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"ஒருதரம் புடிச்சதுக்கே ஒரு ரூம் போச்சு மிஸ்டர். கிளம்புங்க."